ஒருவர் காதுக்கு மட்டும் கேட்ட இருமல்

ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினால் தலை சுற்றிவிடும் ஒரு மனிதர் விமானம் கட்டினார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அவர் தெருவிலும் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

பிழைப்புக்கு அவர் செய்தது பல் செட். பல் டாக்டர் வாய்க்குள் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்து பல்லையும் ஈறையும் செய்து கொடுப்பவர் இவர். வெள்ளைப் பொடி படிந்த மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, ஈறு நிறத்தில் மெழுகுத் தகடுகள், அலமாரி நிறைய யார் யாருடைய வாய்களோ. அதுதான் அவர் உலகம். போட்டிருப்பது பல் செட் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் அது வேலையே இல்லை என்பார். தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால், அது அவருடைய சொந்தப் பல்லா அல்லது தாம் செய்ததா என்று இவரே திணறிய நாட்கள் உண்டு. அந்தத் திணறலில் அவருக்கு ஒரு பெருமை. ஊரில் எல்லாரும் அவரைப் ‘பல்செட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

விமானம் அவருக்காக இல்லை, அவர் மனைவிக்காக. அவள் பஸ் ஓட்டுகிறவள். ஒரே தடத்தில் வருடக்கணக்காக ஓட்டியவள். எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை இல்லாமல் ஏறுவார், எந்த வளைவில் எந்த நாய் குறுக்கே வரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு விடுமுறை நாளில், ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன விமானத் திடலுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், காசு கொடுத்து ஒரு சுற்று ஏறிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “நான் இதைக் கத்துக்கப் போறேங்க” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். கற்றுக்கொண்டாள், லைசென்ஸும் வாங்கினாள். ஆனால் வாடகைக்குக் கிடைத்தது ஒரு கிழட்டு விமானம்.

“எதிர்க்காத்து அடிச்சா கீழ ரோட்டுல பஸ் என்னை முந்திட்டுப் போகுதுங்க. அதுவும் என் டிப்போ பஸ்” என்று ஒருநாள் சாப்பிடும்போது குறைப்பட்டுக்கொண்டாள்.

“விடு, நான் உனக்கு வேகமா ஒண்ணு செஞ்சு தரேன்” என்றார் அவர், வாயில் சோற்றோடு. வேடிக்கைக்குச் சொன்னது. அடுத்த மாதமே அவள் வரைபடக் கட்டோடு வந்து நின்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அது இரண்டு பேர் உட்காரும் விமானம். கண்ணாடி இழைத் துணியில் ரெசின் என்கிற பிசினைப் பூசி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்துச் செய்யும் உடம்பு. வேகம் வேண்டுமென்றால் அந்த உடம்பில் காற்று எங்கேயும் தடுக்கக்கூடாது. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு விளிம்பு இருக்கக்கூடாது. இதைப் படித்ததும் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. இது பெரிய பல் செட்தானே.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து கார் தெருவுக்குப் போனது. சமையலறைத் தராசில் ரெசின் நிறுத்தார். சாப்பாட்டு மேசையில் வால் காய்ந்தது, அது காய்கிற வரைக்கும் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வீட்டில் இருந்த துணி, தலையணை எல்லாவற்றிலும் கண்ணாடித் தூசி. அவள் பஸ் ஓட்டும்போது கழுத்தைச் சொறிந்துகொண்டே ஓட்டினாள். இதற்கு நடுவே அவளுடைய தம்பி வேறு வந்து சேர்ந்தான். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். நாற்பதைத் தாண்டியும் அக்கா வீட்டுச் சாப்பாட்டை விடாதவன், வாய் ஓயாதவன், ஆனால் குழாய் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பெட்ரோல் குழாய்களை எல்லாம் அவன்தான் போட்டான்.

வருடங்கள் போயின. விமானம் விமானம்போல ஆனது. அப்போதுதான் பல்செட்டுக்குப் பயம் பிடித்தது.

அதுவரை அவர் கையில் இருந்தது துணியும் ரெசினும். எஞ்சினை மாட்டி, இருக்கையைப் பொருத்தி, அவள் ஒருநாள் உள்ளே உட்கார்ந்து கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்று பார்த்தவருக்கு ஒரு கணக்கு ஓடியது. ஒரு பல் சரியாக உட்காரவில்லை என்றால் திரும்பக் கொண்டு வருவார்கள், அரைத்துக் கொடுக்கலாம். இது சரியாக உட்காரவில்லை என்றால் அவள் திரும்பி வரமாட்டாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேலையைக் கூட்டினார். இருக்கைத் துணியின் நிறம் சரியில்லை என்று பிரித்தார். பெயிண்டில் ஒரு புள்ளி இருக்கிறது என்று மறுபடி அடிக்கவைத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை இரண்டு தடவை பிரித்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

“மாமா, இந்த ஏரோப்ளேனுக்கு வயசாகி ரிட்டையர் ஆயிடும் போல இருக்கு” என்பான் மைத்துனன். அவளோ கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாள். அந்தப் பேசாத முதுகுதான் அவரை அதிகம் குத்தியது.

கடைசியில் தள்ளிப்போட ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. கொட்டகைச் சுவரை இடித்து விமானத்தை வெளியே எடுத்து, இறக்கைகளைத் தனியாக லாரியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதகர் வந்தார். ‘ம்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாத மனிதர். விமானத்தைத் தலைமுதல் வால்வரை தடவிப் பார்த்து, ஏகப்பட்ட ‘ம்’ போட்டு, அனுமதியும் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் முதல் பறப்பு என்று முடிவானது. ஓட்டப்போவது அவள். வேறு யாரையாவது, பழகிய ஆளாகப் பார்த்து ஓட்டச் சொல்லலாமே என்று பல்செட்டு ஒரு தடவை முனகினார். அந்த வேகத்தில் பறக்கும் வேறு விமானங்களில் ஓர் ஆசிரியையோடு போய், அதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தாள் அவள். முனகல் அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்க சாயங்காலங்களில் திடலில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, வாலைத் தரையில் அடித்த கொக்கியில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அவள் உள்ளே ஹெட்செட் போட்டுக்கொண்டு மீட்டர் முட்களைப் பார்ப்பாள். தீயணைப்பு சிலிண்டரோடு வால் பக்கம் நிற்கும் மைத்துனன் காதை அடைத்திருப்பான். பல்செட்டு மட்டும் இறக்கை நுனிக்கு அப்பால், காதை அடைக்காமல் நிற்பார். பல் அரைக்கும் மெஷின் சத்தத்திலேயே கிடந்த காது அது. ஒரு பல் துளி அதிகமாக அரைபட்டால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

தரையில் நின்றபடி எஞ்சினை முழு வேகத்தில் அதிக நேரம் ஓட்ட முடியாது, சூடேறிவிடும். வெப்ப முள் எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டதும் அவள் வேகத்தைக் குறைத்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை, அவள் குறைக்கப்போகும் அந்த நேரத்தில், எஞ்சின் ஒரு தடவை இருமியது.

பெரிய இருமல் இல்லை. சபையில் உட்கார்ந்திருப்பவர் கையால் வாயை மூடிக்கொண்டு இருமுகிற மாதிரி ஒன்று. உடனே அவள் வேகத்தைக் குறைத்தாள், எல்லாம் அடங்கிவிட்டது.

“இருமுச்சு” என்றார் எஞ்சின் நின்றதும்.

“வேகத்தைக் குறைச்சா அப்படித்தான் மாமா சத்தம் மாறும்” என்றான் மைத்துனன்.

“நீ என்னம்மா சொல்ற?”

அவள் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, “காத்தா இருக்கும்ங்க” என்றாள்.

அவர் விடவில்லை. மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டார். பிளக்குகளை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் வடிகட்டியில் ஒரு தூசிகூட இல்லை. மறுபடி ஓட்டினால் தேன்போல ஓடியது. புதன்கிழமை டேங்கை நிரப்பி ஓட்டியபோது, முடியும் தறுவாயில் மறுபடி அதே இருமல். மறுபடி தலையை விட்டார், ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினால் ஒன்றும் இல்லை. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்கிறது, திரும்பி நின்றால் தலை நீட்டுகிறது. பூச்சி பிடிக்கிற கதைதான்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவர், யாருடைய கீழ்த்தாடைக்கோ மேல்பற்களைப் பொருத்திக்கொண்டிருந்ததைப் பாதி வேலையில்தான் கவனித்தார். மனம் அங்கே இல்லை. உண்மையில் இருமியதா? அல்லது இருமினால் தேவலை என்று நான் நினைத்ததால் கேட்டதா? இதுதான் அவரைப் போட்டு அரித்தது. இத்தனை வருடம் இல்லாத குறையை எல்லாம் இருப்பதாகச் சொல்லித் தள்ளிப்போட்டவர். இப்போது ஒரு குறை இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே தம்மேல் நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் திடலுக்குப் போனதும் சொல்லிவிட்டார். “நாளைக்கு வேண்டாம்மா. அந்த இருமல் என்னன்னு தெரியட்டும்.”

அவள் திடலில் இருந்த விமானக் கொட்டகைக்குள் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“நான் பறக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. பாவம், எஞ்சின் மேல ஏன் பழியைப் போடுறீங்க?”

“பிடிக்கலன்னு யார் சொன்னா?”

“சீட்டுத் துணி. அப்புறம் பெயிண்ட். அப்புறம் எஞ்சின் ரெண்டு தடவை. இப்ப இருமல்.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “பயமா இருக்கா, இல்ல நிஜமாவே இருமுச்சா? ரெண்டுல எது?”

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“பயமாத்தான் இருக்கு. ரொம்ப நாளாவே இருக்கு. ஆனா இருமவும் இருமுச்சு. எது நிஜம்னு எனக்கே தெரியலம்மா.”

இப்படி அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் துணியைக் கீழே போட்டாள். மைத்துனன் சுத்தியலைத் தேடுகிறமாதிரி வெளியே போய்விட்டான்.

“சரி. இப்ப ஒரு தடவை ஓட்டறேன். முள்ளு கோட்டைத் தாண்டற வரைக்கும் ஓட்டறேன். இருமுச்சுன்னா நாளைக்கு இல்ல. இருமலன்னா நீங்க வாயைத் திறக்கக்கூடாது.”

அவர் தலையாட்டினார்.

ஓட்டினாள். கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. புல் பின்னால் படுத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடி, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிட நீளமாகவே ஓட்டினாள். எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. இருமவில்லை, தும்மவில்லை, தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவரைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்துவிட்டு, நாளைக்கு வானிலை எப்படி என்று கேட்க அலுவலக அறைப் பக்கம் நடந்தாள். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்போதும் எஞ்சின் நின்றதும் ஓடிப்போய் மூக்கு மூடியைத் திறந்து உள்ளே தலையை விடுகிறவர், இன்று அதற்கும் வழியில்லாமல் இறக்கை பக்கத்திலேயே நின்றார். மைத்துனன் நாளைக்காக டேங்கை நிரப்ப கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த விமானத்தில் இறக்கையே டேங்க். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கேன் வைக்கும் இடம் வலது பக்கம் என்பதால், அந்த வாரம் ஓட்டியதெல்லாம் வலது டேங்கிலிருந்துதான்.

“புனலையாவது பிடிங்க மாமா. சும்மா நின்னா இன்னும் கவலையா இருக்கும்.”

அவர் புனலை எடுத்தார். மைத்துனன் டேங்க் மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்.

“என்னது அது?”

“எது?”

“அந்தச் சத்தம்.”

“அதுவா? காத்து உள்ள போற சத்தம். எப்பவும் வர்றதுதானே.”

“எப்பவுமா?”

“இந்தப் பக்கம் ஓட்டி முடிச்சுத் திறக்கும்போதெல்லாம் வரும் மாமா.” சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் தொழிலில் காலைமுதல் மாலைவரை எதைத் திறந்தாலும் ஸ்ஸ் என்றுதான் கேட்கும். காற்றை உறிஞ்சி எடுப்பதும் நிரப்புவதுமே அவன் பிழைப்பு. அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால்தான் அவனுக்குச் சந்தேகம் வரும். கேட்டால் எல்லாம் சரி என்று கை தானாக அடுத்த வேலைக்குப் போய்விடும். இப்போது அவன் முகம் மெல்ல வெளுத்தது. “ஐயோ மாமா” என்றான் சின்னக் குரலில்.

பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக ஒவ்வொரு இறக்கைக்கும் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. துளை அடைத்திருந்தால் டேங்க் பெட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எஞ்சினுக்குத் தராது. ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும், எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்க்க இவர்கள் மூடியைத் திறந்தார்கள். திறந்ததும் காற்று உள்ளே போயிற்று. குறை போயிற்று. பார்த்ததாலேயே மறைந்துகொண்டே இருந்தது அந்த நோய். இன்றைக்கு டேங்கில் பாதிதான் இருந்தது, மேலே காற்று நிறைய இருந்தது, அதனால் இறுக்கம் பிடிக்க நேரமாயிற்று, இருமவில்லை. நாளைக்கு டேங்க் நிறைந்திருக்கும். இருமல் சீக்கிரமே வரும். இருமலோடு போகாது, மேலே ஏறும்போதே எஞ்சின் நின்றே போகும்.

பல்செட்டு புனலைக் கீழே வைத்துவிட்டு இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். இடது இறக்கையில் துளை இருந்தது, விரல் நுனி போகிற அளவு. வலது இறக்கையில் அதே இடத்தில் டார்ச் அடித்தார். வழவழவென்று வெள்ளைப் பெயிண்ட். தடவிப் பார்த்தார், துளையே இல்லை. இன்னொரு தடவை தடவினார். பிறகு கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். அழுந்தியது.

பெயிண்ட் உடைந்து, உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாக, ஈறு நிறத்தில் எட்டிப் பார்த்தது மெழுகு.

அப்போதுதான் நினைவு வந்தது. பெயிண்ட் அடிக்கும்போது துளைக்குள் போகாமல் இருக்க எல்லாத் துளைகளையும் அவரேதான் அடைத்தார். எதை அடைத்தாலும் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிட வேண்டும், நாடாவைப் பார்த்துப் பிறகு எடுத்துவிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். மற்ற எல்லாவற்றிலும் தொங்கவிட்டார். இந்த ஒன்றில் மட்டும், புள்ளிக்காக இரண்டாம் முறை பெயிண்ட் அடித்த அன்று, நாடா ஈரத்தில் பட்டுத் தடம் விழுமே என்று தோன்றியது. எடுத்துவிட்டார். நினைவிருக்காதா என்ன என்று நினைத்தார். மெழுகைச் சூடு காட்டி, விளிம்பே தெரியாமல், இறக்கையோடு இறக்கையாக இழைத்துவிட்டார். அவர் செய்த பல் செட் எதிலும் அவ்வளவு சுத்தமான வேலை இருந்ததில்லை. துளைகளை ஊதிப் பார்க்கும் சோதனையை எல்லாம் பெயிண்டுக்கு முன்னாலேயே முடித்திருந்தார்கள். ‘ம்’ பரிசோதகர் தடவியபோதும் விரல் தட்டவில்லை. தட்டாமல் இருக்கத்தானே அவர் இழைத்தார்.

படுத்தபடியே மெழுகை நகத்தால் நோண்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். முதலில் வந்தது வெட்கம் இல்லை, நடுக்கம்கூட இல்லை. இருமல் நிஜம். தாம் பயத்தில் கற்பனை செய்யவில்லை. கேட்ட காது பொய் சொல்லவில்லை. வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது இரண்டு ஆண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல்செட்டு உள்ளங்கையை நீட்டினார். ஒருபக்கம் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிய, பட்டாணி அளவு மெழுகு.

“காத்துத் துளைல இருந்துச்சு. நான்தான் வச்சேன். எடுக்க மறந்துட்டேன். மறந்தது மட்டும் இல்ல, வெளிய தெரியாம இழைச்சும் வச்சேன்.”

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்தில் இருக்கும் மரங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் கேட்டேங்க” என்றாள்.

“என்னத்தை?”

“இருமலை. செவ்வாய்க்கிழமையும் கேட்டேன், புதன்கிழமையும் கேட்டேன். ஸ்டியரிங்ல கை வச்சிருக்கிறவளுக்கு எஞ்சின் இருமினா தெரியாதா? பஸ்ஸுல தெரியுது, இதுல தெரியாதா?”

“அப்புறம் ஏன் காத்துன்னு சொன்ன?”

“சொன்னா நீங்க மறுபடி எஞ்சினைப் பிரிச்சிடுவீங்க. அப்புறம் இன்னும் ஒரு வருஷம் போகும். அதுக்குள்ள எனக்குக் கண்ணு மங்கிடும்.” மெழுகை விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். “கேட்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நம்பவும் ஆரம்பிச்சுட்டேன்.”

 அவர் பயந்து பயந்து தள்ளிப்போட்டதுதான் அவளைப் பொய் சொல்ல வைத்திருக்கிறது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததெல்லாம் அவளை அந்த மரங்கள் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இது அவருக்கு மெழுகைவிட அதிகமாக உறைத்தது.

“இனிமே இல்லாத குறையைச் சொல்லமாட்டேன்” என்றார்.

“நானும் இருக்கற குறையை மறைக்கமாட்டேன்.”

“நான் ஸ்ஸ்னு சத்தம் வந்தா சொல்றேன்” என்றான் மைத்துனன், யாரும் கேட்காமலேயே. அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டில்தான் மூன்று பேருக்கும் மூச்சு சீரானது.

உடனே துளையைச் சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பல்செட்டு சம்மதிக்கவில்லை. நோய் இதுதான் என்று நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றார். இந்தத் தடவை அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, தானே கேனை எடுத்து டேங்கை விளிம்புவரை நிரப்பினாள். துளையில் வேண்டுமென்றே டேப் ஒட்டினார்கள், ஒரு கெஜம் நீளத்துக்குச் சிவப்பு நாடா தொங்க. எஞ்சினை ஓட்டினார்கள். காதை அடைப்பதை மைத்துனன்கூட விட்டுவிட்டான்.

இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு எஞ்சின் அப்படியே நின்று போனது. திடல் முழுக்க அமைதி. கண்ணாடிக்கு உள்ளே அவள், வெளியே இவர்கள் இருவர், மூன்று பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எஞ்சின் நின்றுபோனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்களை அந்தத் திடல் பார்த்திருக்காது.

டேப்பைப் பிய்த்தார்கள். மறுபடி நிரப்பி, மறுபடி ஓட்டி, ஆறவிட்டு, மூடியைத் திறக்காமல் இன்னொரு தடவை ஓட்டினார்கள். இடது டேங்கையும் ஓட்டினார்கள். பொழுது சாயும்வரை அந்த எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. கடைசியில் மூடியைத் திறந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. மைத்துனன் காதை டேங்க் வாயில் வைத்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புல் ஈரமாக இருந்தது. காற்றே இல்லை. அவள் டியூட்டிக்குப் போட்டுக்கொள்ளும் அதே காலணியைப் போட்டிருந்தாள், கால் பழகியது அதில்தான் என்று. இறக்கை மேல் கால் வைத்து ஏறி உட்கார்ந்து, வாரைப் பூட்டிக்கொண்டாள். பல்செட்டு பக்கத்தில் நின்றார்.  கண்ணாடி மூடியை அவரே மெதுவாகச் சாத்தினார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் கையை எடுத்தார்.

அவள் ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றாள். சத்தம் உயர்ந்தது. வெள்ளையாக அவர்களைத் தாண்டிப் போனது, சக்கரம் தரையை விட்டது, மரங்களைத் தாண்டியது. அவ்வளவு உயரத்தை அண்ணாந்து பார்த்ததிலேயே அவருக்குத் தலை சுற்றியது. மைத்துனனின் தோளைப் பிடித்துக்கொண்டார். திடலை வட்டமாகச் சுற்றினாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவர் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் பார்த்தார். அந்தச் சத்தத்தில் ஒரு இடுக்கு விழாதா என்று தேடிய காது, தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் ஓய்ந்துபோனது. ஓய்ந்தபோதுதான் அது எவ்வளவு அழகான சத்தம் என்று அவருக்குத் தெரிந்தது.

இறங்கினாள். ஒரு தடவை லேசாகத் துள்ளி, தரையைப் பிடித்து, ஓடிவந்து கொட்டகை முன்னால் நின்றாள். விசிறி நின்றது. அவர் நடந்துதான் போனார், ஓடினால் விழுந்துவிடுவோமோ என்று இருந்தது. கண்ணாடி மூடி திறந்தது. முகம் சிவந்து, முடி கலைந்து, அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“என்னங்க, கையை எடுத்தா இடது பக்கமே சாயுதுங்க. பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. அப்புறம் உள்ள எங்கயோ காத்து வந்து கழுத்துல அடிக்குது. ரொம்பக் குளிருது. இந்த சீட்டு வேற, முதுகுல குத்துது.”

அவள் குறை சொல்லிக்கொண்டே போனாள். குறை சொல்வதற்கு முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள். பல்செட்டு இறக்கை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“இன்னும் சொல்லு” என்றார்.